இறைத்தால் ஊறாத கிணறு

அரை நூற்றாண்டாகத் தேசத்தின் அடுப்பையும் வண்டியையும் வயலையும் தாங்கிவரும் பாம்பே ஹை என்னும் கடல் எண்ணெய் வயல் இன்று முதுமை எய்திவிட்டது. அந்த முதுமையை நாம் எப்படிப் பேணப்போகிறோம்?

கல்யாண வீட்டில் மொய் எழுதும் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டு, நூறு ரூபாய்த் தாளோடு சேர்த்து உறைக்குள் வைப்பதற்கென்று, பர்ஸின் உள்ளறையில் பத்திரப்படுத்தியிருந்த ஒற்றை ரூபாய்த் தாளைத் தேடி எடுக்கும் பெரியவர்களை நாம் பார்த்திருக்கிறோம். பூஜ்யத்தில் முடிகிற தொகையைக் கொடுப்பது மங்களமன்று, ஒன்றைக் கூட்டிக் கொடுத்தால்தான் வாங்கிக்கொண்ட குடும்பம் மேன்மேலும் பெருகும் என்பது நம் ஜனங்களிடையே தலைமுறை தலைமுறையாக இருந்துவரும் நம்பிக்கை. ஆனால் அந்தச் சிறு தாளைப் புரட்டி, அதன் பின்புறத்தை ஊன்றிப் பார்த்தவர்கள் அதிகம் பேர் இருக்கமாட்டார்கள். தமிழ் முதலான பல மொழிகளில் அதன் மதிப்பை எழுதியிருக்கும் அந்தப் பக்கத்திலே, இரும்புச் சட்டங்களாலான கோபுரமொன்றைச் சுமந்தபடி கடல்மேல் நிற்கும் விநோதமான யந்திர மேடை ஒன்று வரையப்பட்டிருக்கும். அதன் பெயர் சாகர் சம்ராட். சமுத்திரச் சக்கரவர்த்தி என்று பொருள். நாணயத்திலே அரசர்களின் முகத்தைப் பொறித்து வந்த ஒரு தேசம், தன் மிகச் சிறிய தாளிலே ஒரு துரப்பணக் கலத்தைப் பொறித்து வைத்தது என்றால், அந்தக் கலம் இந்தத் தேசத்துக்குச் செய்த உபகாரம் எத்தகையதாக இருந்திருக்க வேண்டும்!

சக்கரவர்த்தியின் வருகை

சுதந்திரம் பெற்ற நாளில், எண்ணெய் என்றால் நமக்கு அஸ்ஸாம் ஒன்றுதான்; 1889இல் டிக்பாயில் தொடங்கிய அந்தப் பழைய வயலைத் தாண்டி இந்த மண்ணில் சொல்லிக்கொள்ளும்படியான எண்ணெய் கிடையாது என்று மேனாட்டு நிபுணர்கள் பலர் தீர்ப்புச் சொல்லியிருந்தார்கள். அந்தத் தீர்ப்பை ஏற்க மறுத்த கே. டி. மாளவியா என்னும் மத்திய அமைச்சரின் பிடிவாதத்தால் 1956இல் எண்ணெய், இயற்கை எரிவாயு ஆணையம் உருவாயிற்று. சோவியத் நாட்டு விஞ்ஞானிகளின் துணையோடு குஜராத்தில் தேடி, 1958இல் காம்பேயிலும் 1960இல் அங்கலேஸ்வரிலும் எண்ணெய் கண்ட பிறகு, கரையில் கிடைத்த இந்தச் செல்வம் கடலுக்குள்ளும் தொடரவேண்டுமே என்ற எண்ணம் எழுந்தது இயல்புதான். 1960களின் நடுவில் அகாதெமிக் அர்ஹாங்கெல்ஸ்கி என்ற சோவியத் ஆய்வுக் கப்பல் காம்பே வளைகுடாவிலும் அதையடுத்த கடற்பரப்பிலும் ஒலி அலைகளைச் செலுத்தி அளந்துகொண்டே சென்றபோது, பம்பாய்க்கு மேற்கே சுமார் 160 கிலோமீட்டர் தொலைவில், கடலடித் தரைக்கும் கீழே, புதையுண்ட மேடு ஒன்று படத்தில் தெரியவந்தது. 65 கிலோமீட்டர் நீளமும் 23 கிலோமீட்டர் அகலமும் உடைய அந்த மறைந்த மேட்டுக்குத்தான் பாம்பே ஹை என்று பெயர் வைத்தார்கள். ஹை என்ற சொல்லை உயர்கடல் என்று பலர் பொருள் கொள்வதுண்டு. பூகர்ப்ப சாஸ்திரக்காரர்கள் அதனால் குறித்தது பூமிக்குள் உயர்ந்து நிற்கும் அந்த மேட்டையே.

மேடு தெரிந்துவிட்டது, ஆனால் அங்கே துளையிடுவதற்கான கலம் நம்மிடம் இல்லை. சுமார் 75 மீட்டர் ஆழமுள்ள நீரில், மழைக்காலத்து மேற்குக் கடலின் சீற்றத்தைத் தாங்கி நிற்கவேண்டிய அந்தக் கலத்தை ஜப்பானில், ஹிரோஷிமாவிலுள்ள மிட்சுபிஷி கப்பல் தளத்தில் கட்டுவித்து, 1973இல் கொண்டுவந்தார்கள். வேண்டிய இடத்துக்கு மிதந்து சென்று, அங்கே தன் நீண்ட கால்களைக் கடலடியில் இறக்கி ஊன்றி, உடலை அலைகளுக்கு மேலே தூக்கிக்கொண்டு நிற்கவல்ல அந்த யந்திரம் இந்தியக் கடலுக்கு வந்து சேர்ந்த சமயத்தைக் காலதேவனே குறித்துக் கொடுத்தான் என்று சொல்லத் தோன்றுகிறது. 1973ஆம் ஆண்டு அக்டோபரில் மேற்காசியாவில் மூண்ட யுத்தத்தைத் தொடர்ந்து, பீப்பாய் 3 டாலருக்கு விற்ற கச்சா எண்ணெய் சில மாதங்களுக்குள் ஏறத்தாழ 12 டாலரை எட்டியது. அந்நியச் செலாவணிக்குத் திண்டாடிக்கொண்டிருந்த ஏழைத் தேசம் இடிந்துபோய் உட்கார்ந்திருந்த அந்த வேளையில், 1974 பிப்ரவரியில், சாகர் சம்ராட் இட்ட கிணற்றில் எண்ணெய் பீறிட்டது. இரண்டே ஆண்டுகளில், 1976 மே 21ஆம் நாள், பாம்பே ஹையிலிருந்து உற்பத்தி தொடங்கியது.

கிளிஞ்சல் பாறையின் உள்ளே

எண்ணெய் வயல் என்றவுடன், பூமிக்கடியில் ஏரி போலத் தேங்கிக் கிடக்கும் எண்ணெயைக் குழாய் போட்டு உறிஞ்சுகிறார்கள் என்றே நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மை அப்படியன்று. நம் கடற்கரைகளிலே கிளிஞ்சலைச் சூளையில் இட்டுச் சுட்டுச் சுண்ணாம்பு எடுப்பதைக் கண்டவர்களுக்கு இதை எளிதில் விளக்கிவிடலாம். சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன்பு அங்கே வெதுவெதுப்பான ஆழமற்ற கடல் இருந்தது. அதில் வாழ்ந்து மடிந்த எண்ணற்ற நுண்ணுயிர்களின் ஓடுகள் படிந்து, இறுகி, சுண்ணாம்புப் பாறையாயின. அந்தப் பாறையைக் கையில் எடுத்தால் கல்லாகத்தான் தெரியும். பூதக் கண்ணாடியின் கீழே வைத்துப் பார்த்தால் இட்லியின் உட்புறம் போல நுண்ணிய துளைகள் தென்படும். இன்னும் ஆழத்திலே, அதைவிடத் தொன்மையான களிப்பாறைகளில் சிக்கிய உயிர்ப்பொருள் பூமியின் வெப்பத்தில் வெந்து எண்ணெயாகவும் வாயுவாகவும் மாறி, மேல்நோக்கிக் கசிந்து வந்து அந்தத் துளைகளிலே புகுந்துகொண்டது. மேலே நீர்புகாத களிப்பாறை மூடியாக அமைந்ததால் தப்பிச் செல்ல வழியில்லாமல், உச்சியிலே வாயுவும், நடுவிலே எண்ணெயும், அடியிலே உப்புநீருமாக அடுக்கடுக்காக நின்றுவிட்டது.

இந்த அடுக்குமுறைதான் வயலின் ஜீவநாடி. உச்சியிலுள்ள வாயு எண்ணெயைக் கீழ்நோக்கி அழுத்துகிறது. எண்ணெயிலே கரைந்திருக்கும் வாயுவோ, கோலி சோடாவின் குண்டை உள்ளே தள்ளியவுடன் திரவத்தைப் பொங்கவைக்கும் காற்றைப்போல, அழுத்தம் குறைந்த மாத்திரத்தில் எண்ணெயைத் தூக்கிக்கொண்டு மேலே வருகிறது. இயற்கை கொடுத்த இந்த அழுத்தம் இருக்கும்வரை கிணறு தானாகவே பாயும். அழுத்தத்தை வீணடித்துவிட்டால், எண்ணெய் பாறைக்குள் அப்படியே இருந்தும் நமக்குக் கிடைக்காது. உலகத்து எண்ணெய் வயல்களில், பாறையில் இருக்கும் எண்ணெயில் மூன்றிலொரு பங்கை மேலே கொண்டுவந்தாலே நல்ல பலன் என்று கொள்கிறார்கள் என்றால், எஞ்சியது எவ்வளவு என்று வாசகர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். பாம்பே ஹையின் சுண்ணாம்புப் பாறையோ, இடையிடையே மெல்லிய களிப்படலங்கள் குறுக்கிட்டு, ஓரிடத்தில் தாராளமாகப் பாய்ந்தும் பக்கத்திலேயே சற்றும் அசையாமலும் நிற்கும் சுபாவமுடையது. அதன் மனத்தை அறிவதற்கு ஒரு தலைமுறைக் காலம் வேண்டியிருந்தது.

அவசரத்தின் விலை

அந்த ஒரு தலைமுறைக் காலம் பொறுத்திருக்கும் நிலையில் தேசம் இல்லை. ஈரானில் புரட்சி மூண்டு மறுபடியும் விலை உயர்ந்தது. 1980இல் அஸ்ஸாமில் நடந்த கிளர்ச்சியால் அங்கிருந்து வரவேண்டிய எண்ணெயும் தடைப்பட்டது. பாம்பே ஹையிலிருந்து எவ்வளவு விரைவாக எடுக்கமுடியுமோ அவ்வளவு விரைவாக எடுங்கள் என்று அரசு கட்டளையிட்டதைக் குற்றம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வீட்டிலே குழந்தைகள் பசியோடு அழுதுகொண்டிருக்கும்போது விதைநெல்லையும் குத்திப் போட்ட தாயை யார் பழிப்பார்கள்? 1985 அளவில் நாளொன்றுக்குச் சுமார் 4,70,000 பீப்பாய் என்ற உச்சத்தை அந்த வயல் எட்டியது. நாட்டுக்குத் தேவையான எண்ணெயில் ஏறத்தாழ 70 சதவீதம் நம் சொந்த மண்ணிலிருந்தும் கடலிலிருந்தும் கிடைத்த அந்தச் சில ஆண்டுகள் நம் பொருளாதார சரித்திரத்திலே மறுபடி வராத பொற்காலம்.

கோடையில் வைகை மணலிலே ஊற்றுத் தோண்டி நீர் எடுக்கும் பெண்களை அருகிலிருந்து கவனித்தவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். அனுபவசாலியான கிழவி, தேங்காய்ச் சிரட்டையால் மேலாக மொண்டு, குடத்திலே ஊற்றிவிட்டு, ஊற்று மறுபடி தெளியும்வரை உட்கார்ந்து காத்திருப்பாள். அவசரக்காரச் சிறுமி ஆழமாகத் தோண்டி மளமளவென்று இறைப்பாள்; இரண்டு நிமிஷத்தில் மணல் சரியும், நீர் கலங்கும், குடத்திலே சேறுதான் சேரும். எண்ணெய்க் கிணற்றிலும் இதுவே நடக்கிறது. வேகமாக இழுத்தால், அடியிலுள்ள உப்புநீர் கூம்பு வடிவமாக மேலெழுந்து கிணற்றுவாயை வந்து அடைகிறது. உச்சியிலுள்ள வாயு கூம்பாகக் கீழிறங்கி அதே வாயிலே புகுகிறது. இரண்டுக்கும் நடுவில் எண்ணெய் பாறைக்குள் சிறைப்பட்டுவிடுகிறது. வயலின் அழுத்தத்தை நிலைநிறுத்தக் கடல்நீரைச் சுத்திகரித்து உள்ளே செலுத்தும் வேலை 1980களின் நடுவில்தான் பெருமளவில் தொடங்கியது. தொடக்க ஆண்டுகளில், எண்ணெயோடு வந்த வாயுவைக் கரைக்குக் கொண்டுவர வசதி போதாமல், பெரும் பகுதி கடல் நடுவே கொழுந்துவிட்டு எரிந்தே தீர்ந்தது. அந்தக் கணக்குகளையெல்லாம் 1990களின் தொடக்கத்தில் இயற்கை நம் முன்னே எடுத்து வைத்தது. வாயு மிகுந்துவிட்ட கிணறுகளை மூடவேண்டியதாயிற்று, உற்பத்தி சரிந்தது.

இறைத்த கிணறு ஊறும் என்பது நம்மவர் பழமொழி. எண்ணெய்க் கிணற்றுக்கு அந்தப் பழமொழி செல்லாது. 2 கோடி ஆண்டுகளிலே சேர்ந்ததை நாம் இரண்டு தலைமுறையில் இறைக்கிறோம். நம் பேரன் பேத்திகள் காலத்திலும் அது மறுபடி ஊறப்போவதில்லை. ஆகையால் எவ்வளவு இறைத்தோம் என்பதைவிட, எப்படி இறைத்தோம் என்பதே இங்கே தர்மம்.

முதுமைக்கு வைத்தியம்

புது வயலில் எண்ணெய் காண்பதற்குத் துணிவும் அதிர்ஷ்டமும் வேண்டும். முதிய வயலிலிருந்து எண்ணெய் எடுப்பதற்கு அறிவும் பொறுமையும் வேண்டும். 2000ஆம் ஆண்டை ஒட்டித் தொடங்கிய மறுசீரமைப்புத் திட்டங்கள் இந்த இரண்டாவது வகையான பிரயாசையைச் சேர்ந்தவை. கப்பலிலிருந்து மறுபடி ஒலி அலைகளைச் செலுத்தி, வயல் முழுவதையும் நீளம், அகலம், ஆழம் என்ற மூன்று பரிமாணங்களிலும் படமெடுத்தார்கள். பழைய கிணறுகளுக்கிடையே எண்ணெய் தப்பி நின்ற திட்டுக்களைத் தேடிப் பிடித்தார்கள். மேடை ஒவ்வொன்றிலும் குறிப்பிட்ட சில கிணறுகளுக்கே இடமுண்டாகையால், பலன் குன்றிய கிணற்றின் அடிப்பகுதியைச் சிமெண்டால் அடைத்துவிட்டு, நடுவிலிருந்து பக்கவாட்டாகத் துளையிட்டு, எட்டாமலிருந்த பாறைக்குச் சென்றார்கள். முன்பெல்லாம் செங்குத்தாக இறங்கிய துளை, இப்போது சில மீட்டர் கனமே உள்ள எண்ணெய்ப் படலத்தை விட்டு விலகாமல், தரைக்கு அடியில் படுக்கையாகவே நெடுந்தூரம் செல்கிறது. தானாகப் பாய வலுவற்றுப்போன கிணறுகளிலே, குழாயின் பக்கமாக வாயுவைச் செலுத்தி, கனத்த திரவத்தை இலேசாக்கி மேலே தூக்குகிறார்கள். கேஸ் லிஃப்ட் என்று மேடைக்காரர்கள் சொல்லும் இந்த உபாயம் இல்லாவிட்டால் பாம்பே ஹையின் கிணறுகளில் பெரும்பாலானவை என்றோ மூச்சடங்கியிருக்கும்.

இவ்வளவு வைத்தியத்துக்குப் பிறகும் 2024இல் நாளொன்றுக்குச் சுமார் 1,34,000 பீப்பாயே கிடைத்தது. உச்சத்தோடு ஒப்பிட்டால் இது மூன்றிலொரு பங்குக்கும் குறைவு. ஆயினும், நம் நாட்டுக் கச்சா எண்ணெய் உற்பத்தியில் கணிசமான பங்கை இன்றும் தருவது இந்தக் கிழ வயல்தான். நாட்டின் தேவையிலே 85 சதவீதத்துக்கு மேல் இறக்குமதியையே நம்பியிருக்கும் நாளில், இங்கிருந்து கிடைக்கும் ஒவ்வொரு பீப்பாயும் அந்நிய நாட்டுக்குப் போகாமல் மிஞ்சிய பணம். 2025 ஜனவரியில் பிரிட்டனைச் சேர்ந்த பி.பி. நிறுவனத்தைத் தொழில்நுட்பத் துணையாக அமர்த்திக்கொண்டிருக்கிறார்கள். வடகடலின் முதிய வயல்களிலே பல காலம் பழகிய அந்தக் கைகள் இங்கே எதைச் சாதிக்கும் என்பதைக் காலம் சொல்லட்டும். வெளியாரிடம் கற்பதில் இழிவில்லை. இந்த வயலைக் கண்டுபிடித்ததே அத்தகைய கூட்டு முயற்சியால்தானே!

பிரதான வயலுக்கு வெளியேயும் இந்தப் படுகை இன்னும் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறது. 1976இல் கண்ட பாசீன் வாயு வயலிலிருந்து கடலடிக் குழாய் வழியாகக் குஜராத்தின் ஹஜீராவுக்கு வந்து, அங்கிருந்து பிஜாய்பூர், ஜகதீஷ்பூர் வரை நெடுந்தூரம் செல்லும் வாயு, வட இந்தியாவின் யூரியாத் தொழிற்சாலைகளை வளர்த்தது. கங்கைச் சமவெளியின் கோதுமைக் கதிரிலே அரபிக் கடலின் அடிவாரத்துக்கும் ஒரு பங்கு உண்டு. 2023இல் மும்பைக் கடலில் அறிவிக்கப்பட்ட இரண்டு கண்டுபிடிப்புகளுக்கு அம்ருத், மூங்கா என்று பெயரிட்டார்கள். அமிர்தம், பவளம் என்பது பொருள். அவை பழைய பாம்பே ஹைக்கு ஈடாகா. முதிர்ந்த படுகையின் வருங்காலமோ இத்தகைய சிறு வயல்களிலேதான் இருக்கிறது. பெருவயலுக்கென்று முன்பே போட்டுவைத்த குழாய்களும் மேடைகளும் பக்கத்தில் இருப்பதால்தான், தனியே நின்றால் கட்டுப்படியாகாத சிறு வயலும் அங்கே கட்டுப்படியாகிறது. மூத்தவர் கட்டிவைத்த வீடு இளையவர்களுக்கு நிழல் தருவதைப் போன்ற ஏற்பாடு இது.

மேடையின்மேல் மனிதர்கள்

பீப்பாய்க் கணக்கிலேயே மனம் தோய்ந்துவிட்டால் ஒரு பெரிய கடனை மறந்தவர்களாவோம். மும்பையின் ஜூஹு விமானதளத்திலிருந்து காலையிலே ஹெலிகாப்டர் ஏறி, 14 நாட்கள் கடல் நடுவிலே இருந்துவிட்டு, அடுத்த 14 நாட்களுக்கு வீடு திரும்பும் மனிதர்களின் வாழ்க்கைமீது நிற்கிறது அந்த மேடை. சுற்றிலும் நீர், காலடியில் எந்நேரமும் தீப்பற்றக்கூடிய வாயு, இரவிலே கண்ணுக்குத் தெரிவது வாயு எரியும் சுடர் ஒன்றுதான். பண்டிகையும் பிள்ளையின் பிறந்தநாளும் நாட்காட்டியிலே வந்து போகும்.

2005 ஜூலை 26ஆம் தேதி மும்பை சாந்தாக்ரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. மறுநாள், பணியாட்களை ஏற்றிச் சென்ற சமுத்ர சுரக்ஷா என்னும் துணைக் கப்பலில், சமையற்காரர் ஒருவருக்குக் கைவிரலில் வெட்டுக்காயம் பட்டது. ஹெலிகாப்டர் பறக்க முடியாத வானிலையாகையால், மருத்துவ வசதியுள்ள மும்பை ஹை வடக்கு மேடையிலே அவரைச் சேர்ப்பதற்காகக் கப்பல் நெருங்கியது. காற்றுக்கு மறைவான பக்கத்திலிருந்த கிரேன் வேலை செய்யாததால், காற்றும் அலையும் மோதுகிற பக்கமாகவே வரவேண்டியதாயிற்று. கூடையிலே வைத்து அவரை மேலே ஏற்றி முடித்தார்கள். கப்பல் விலகும் தறுவாயில் அலை தூக்கியடித்ததில் அதன் பின்புறம் மேடையை மோதியது. மோதிய இடத்திலே, கடலடியிலிருந்து வாயுவை மேலே கொண்டுவரும் ரைசர் என்ற செங்குத்துக் குழாய்கள் இருந்தன. வெளியேறிய வாயு தீப்பற்றிக்கொள்ள, இரண்டே மணி நேரத்துக்குள் அந்த மாபெரும் மேடை உருகிக் கடலுக்குள் விழுந்தது. 384 பேரில் 362 பேர் பிழைத்தார்கள்; 22 பேர் திரும்பவில்லை. ஒரு மனிதனின் விரலைக் காப்பாற்றவேண்டும் என்ற தயையிலே தொடங்கிய காரியம் அது. தயை போதாது, குழாய் எங்கே இருக்கவேண்டும், கப்பல் எந்தப் பக்கம் அணையவேண்டும், கிரேன் எப்போது பழுது பார்க்கப்படவேண்டும் என்ற ஒழுங்கும் அதனோடு சேர்ந்தால்தான் தயை பலிக்கும்.

2021 மே மாதத்தில் டவ்தே புயல் வந்தபோது, பாம்பே ஹையில் பராமரிப்பு வேலைக்குச் சென்றிருந்த 261 பேர் பி-305 என்ற மிதவைக் குடியிருப்பிலே இருந்தார்கள். நங்கூரங்கள் அறுந்து, திக்குத் தெரியாமல் அலைக்கழிந்து, அது மூழ்கியது. அந்த மிதவையிலும், அதே புயலில் சிக்கிய ஓர் இழுவைக் கப்பலிலுமாக 80க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்களிலே பலர் ஒப்பந்தக் கூலிகள். வயல் முதிர முதிர, துருப்பிடித்த இரும்பைச் சுரண்டவும், பழைய குழாயை மாற்றவும், புதுச் சட்டம் ஒட்டவும் மேலும் மேலும் கைகள் வேண்டியிருக்கின்றன. முதிய வயலின் எண்ணெய்க்கு விலை நிர்ணயிக்கும்போது இந்தக் கைகளின் பாதுகாப்பை முதற்செலவாக எழுதவேண்டும். மிஞ்சினால் பார்த்துக்கொள்ளலாம் என்று கடைசி வரியிலே எழுதும் கணக்கு அதர்மக் கணக்கு.

சக்கரவர்த்தியின் இரண்டாம் ஆயுள்

சாகர் சம்ராட் என்ன ஆயிற்று? நூற்றுக்கு மேற்பட்ட கிணறுகளைத் துளைத்து ஓய்ந்த அந்தக் கலத்தை உடைத்து விற்றுவிடவில்லை. துரப்பண வேலையிலிருந்து விடுவித்து, கிணறுகளிலிருந்து வரும் எண்ணெயையும் வாயுவையும் நீரையும் பிரித்துச் சுத்திகரிக்கும் நிலையமாக மாற்றி அமைத்தார்கள். அந்த வேலை எதிர்பார்த்ததைவிடப் பல ஆண்டுகள் நீண்டுபோயிற்று. ஆயினும் 2022 டிசம்பரில், தான் முதன்முதலாக எண்ணெய் கண்ட அதே மும்பைக் கடலிலே, சிறு வயல்களின் நடுவே, மறுபடியும் கால் ஊன்றிப் பணிக்கு வந்தது. நாளொன்றுக்கு 20,000 பீப்பாய் எண்ணெயைக் கையாளும் திறன் அதற்கு இப்போது இருக்கிறது. இளமையிலே தோண்டிய கை முதுமையிலே தெளிய வைத்து வடிகட்டுகிறது.

அந்த வயலுக்கு நாம் காட்டவேண்டிய விவேகமும் இத்தகையதே. ஒருநாள் அதன் கடைசிக் கிணற்றையும் மூடி, மேடைகளைக் கழற்றி, கடலைக் கடலிடமே ஒப்படைக்கவேண்டிய காலம் வரத்தான் போகிறது. அதற்கான பொருளை இன்றே ஒதுக்கி வைப்பது நம் பொறுப்பு. அதுவரையில், தெளிந்தபின் மொண்டு, கலங்கினால் காத்திருந்து, மொண்ட ஒவ்வொரு சிரட்டைக்கும் கணக்கு வைக்கும் அந்தக் கிழவியின் நிதானம் நமக்கு வேண்டும்.

இனி ஒருதரம் மொய் உறையிலே ஒற்றை ரூபாய்த் தாளை வைக்கும்போது, வாசகர்கள் அதைத் திருப்பிப் பார்க்கவேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். நாம் கூட்டி வைக்கும் அந்த ஒன்று, வாங்குகிறவர் வீட்டிலே பெருகட்டும் என்று வாழ்த்தி வைக்கிறோம். தாளிலே நிற்கும் அந்தச் சக்கரவர்த்தி கொடுத்த செல்வத்துக்குப் பெருகும் வரம் இல்லை. 1974இல் பீறிட்ட அந்த எண்ணெயில் உழுத டிராக்டரும், ஓடிய பஸ்ஸும், அந்தப் பஸ்ஸிலே பள்ளிக்கூடம் போய்ப் படித்து முன்னுக்கு வந்த பிள்ளையும்தான் அதன் பெருக்கம். அப்படி வந்த பிள்ளைகளிலே சிலர் இன்று காலையும் ஜூஹுவில் ஹெலிகாப்டருக்குக் காத்து நிற்கிறார்கள்.